சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்து, குக்கர் விசிலுக்கு நடுவே, வாசல் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டு கேட்கிறவர் யாராவது இருந்தால் இந்தப் பேச்சு உங்களுக்குத்தான். மற்றவர்களும் கேட்கலாம். வீட்டில் சொல்லாலேயே நொந்துபோனவர்கள் தங்களுக்கு ஏற்ற மனநல ஆலோசகரை எப்படித் தேடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

இருபது வருடத்துக்கு மேலாக மதுரைப் பக்கம் சமூகப் பணியில் இருக்கிறேன். வீட்டில் நிம்மதி இல்லை என்று ஒரு பெண் வாய் திறந்தால் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி, "அடிக்கிறாரா?" இல்லை என்று சொல்லிவிட்டால், "அப்புறம் என்னம்மா?" என்று பேச்சு முடிந்துவிடும். இந்த விஷயத்தில் சட்டம் நம் தெருவைவிட முன்னால் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையோடு சேர்த்து, சொல்லால் நோகடிப்பதையும் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதையும் வன்முறை என்றே சொல்கிறது. இழிவாகப் பேசுவது, கேலி செய்வது, பிள்ளை இல்லை, அதிலும் ஆண்பிள்ளை இல்லை என்று குத்திக் காட்டுவது எல்லாம் அதில் வருகிறது.

சரி, சட்டத்தை இன்னொரு நாள் பேசலாம். ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டு, ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். திருமணமாகி 22 வருடம். கணவர் கை நீட்டியதே இல்லை. ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்துவார். பஸ்ஸுக்குக் கொடுத்த காசில் மீதி எங்கே என்று கேட்பார். கோபம் வந்தால் பதினைந்து நாள் பேச மாட்டார். பேசினால், "உனக்கு என்ன தெரியும்?" இந்த ஒரு வாக்கியத்தை 22 வருடம் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவரிடம், நல்ல மனநல ஆலோசகரைப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். கடையில் நாற்பது சேலையை விரித்துப் போடச் சொல்லிவிட்டு, ஒன்றும் பிடிக்காமல் எழுந்து வருகிறோமே, அந்த மாதிரி என்று பெரிய உதாரணம் வேறு சொன்னேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்குச் சேலையே அவர்தான் மேடம் எடுத்துத் தருவார்."

என் உதாரணம் அங்கேயே படுத்துவிட்டது. தனக்கு எது சரி என்று சொல்லும் தைரியத்தைத்தான் இத்தனை வருடமாக ஒருவர் அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறார். அவரைப் போய், நம்புவதற்கு ஓர் ஆளை நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்கிறோம்.

அவர் முதலில் போன இடத்தில் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போங்கம்மா, அடுத்த வாரம் சாரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்களாம். கூட்டிப் போனார். சார் அங்கே தங்கமாகப் பேசினார். அந்த அறையில் அந்த அம்மா சொன்ன ஒவ்வொன்றுக்கும் அன்று இரவு வீட்டில் கணக்குத் தீர்க்கப்பட்டது. இருவருக்கும் சேர்த்து ஆலோசனை என்பது சண்டை போட்டுக்கொள்ளும் தம்பதிக்குச் சரி. ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பயந்து வாழும் வீட்டுக்கு அது சரிப்படாது. அதனால் போனில் நேரம் கேட்கும்போதே, "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரணுமா?" என்று கேட்டுவிடுங்கள். உங்களைத் தனியாகப் பார்க்காமலே "கட்டாயம் வரணும்" என்கிறவரிடம் போக வேண்டாம்.

என்ன படித்திருக்கிறார் என்றும் கேட்கலாம், அதில் தவறில்லை. மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மாத்திரை எழுதுவார். வாரக் கணக்கில் தூக்கம் போய்விட்டது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் முதலில் அவரைப் பார்ப்பது நல்லது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது பேச்சு வழியாகச் சிகிச்சை தருகிற உளவியலாளர், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டால் சொல்வார். ஆலோசகர் என்ற சொல் அப்படி இல்லை. நன்றாகப் படித்துப் பயிற்சி பெற்றவரும் அதைப் போட்டுக்கொள்கிறார், நாலு வார வகுப்புக்குப் போய் வந்தவரும் போட்டுக்கொள்கிறார். கேட்டால் கோபப்படுகிறவரா, பொறுமையாகச் சொல்கிறவரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

நீங்கள் சொல்வது வெளியே போகாதா என்றும் கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தை உங்கள் உரிமையாகவே தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நேரங்களில் மட்டும் விலக்கு உண்டு. நல்ல ஆலோசகர் அந்த விலக்கையும் முதல் நாளே சொல்லிவிடுவார்.

பணம்? பெரிய ஊர்களில் தனியாரிடம் ஒரு அமர்வுக்கு 500 ரூபாயும் கேட்கிறார்கள், 2,000 ரூபாயும் கேட்கிறார்கள். வாரா வாரம் என்றால் யாருக்கும் கஷ்டம்தான். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கட்டணம் கிடையாது. கூட்டம் இருக்கும், மறைக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே வரவே முடியாதவர்களுக்கு 14416 என்ற எண் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். செத்துவிடலாம் என்று தோன்றுகிற ராத்திரியிலும் அதே எண்தான். தாளில் எழுத வேண்டாம், தாள் யார் கண்ணிலாவது படும். எண்ணை மனதில் வைத்துக்கொள்ள ஒரு வழி: 144 தடை உத்தரவு நமக்கெல்லாம் தெரியும். அதற்குப் பின்னால் "பதினாறும் பெற்று" என்று வாழ்த்துகிறார்களே, அந்தப் பதினாறு. பேசி முடித்ததும் போனில் அந்த அழைப்பை அழித்துவிடுங்கள். வீட்டில் இருப்பதே ஆபத்து என்றால் பெண்களுக்கான உதவி எண் 181.

பெண்கள் பெண்கள் என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். "உருப்படாதவன்" என்று அப்பா வாயால் முப்பது வயது வரை கேட்டு வளர்ந்த ஆண்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். 14416 அவர்களுக்கும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்படி வாழ்ந்து பழகியவர்கள் ஆலோசகரிடமும் நல்ல பெயர் வாங்கப் பார்ப்பார்கள். நன்றாக இருக்கிறேன், நீங்கள் சொன்னபடி செய்தேன், ரொம்ப உதவியாக இருந்தது என்பார்கள். இதெல்லாம் வீட்டில் படித்த பாடம். அங்கிருந்து வெளியே வரும்போது நீங்கள் சோர்ந்து வரலாம், அழுதுகொண்டும் வரலாம். கூனிக் குறுகி வருகிறீர்கள் என்றால் ஆள் சரியில்லை. மூன்று நான்கு தடவை பாருங்கள். நடுவே சின்னதாக எதையாவது மறுத்துச் சொல்லிப் பாருங்கள். "இது எனக்கு ஒத்துவரலை" என்றதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். முகம் பார்த்துக் கோபத்தைக் கண்டுபிடிப்பதில் உங்களைவிட அனுபவசாலி யாரும் கிடையாது.

அந்த அம்மா இரண்டாவதாகப் போனவர் தன் வீட்டுக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தாராம். மூன்றாவது ஆளிடம் நாலாவது வாரம் போய் வந்த அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். குரலில் ஒரு படபடப்பு. என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன்.

"மேடம், அந்த ரூம்ல ஃபேன் கடகடன்னு ஒரே சத்தம். நிறுத்துங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். அவரும் எழுந்து போய் நிறுத்தினாராம். மே மாதம். இரண்டு பேரும் வியர்க்க வியர்க்க முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

வணக்கம்.