கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் சர்க்கரை குறையுமா?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "உடம்பில் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கிற சுமைதானே? அது எப்படிச் சர்க்கரையை ஏற்றும், இதயத்தைக் கெடுக்கும்? லைப்போசக்‌ஷன் செய்து எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?"

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2004-இல் அமெரிக்காவில் இதைச் செய்தே பார்த்தார்கள். உடல் பருமன் உள்ள 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து ஆளுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். இரண்டரை, மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், இன்சுலின் வேலை செய்யும் விதம் எதிலும் மாற்றமில்லை. பத்து கிலோ போயும் ஒன்றும் நடக்கவில்லை!

இதற்கு நேர் எதிரான இன்னொன்றும் இருக்கிறது. லிப்போடிஸ்ட்ரோபி என்று ஓர் அரிய நோய். அதில் சிலருக்கு உடம்பில் கொழுப்புத் திசுவே கிட்டத்தட்ட இருக்காது. பார்க்க ஒல்லியாக இருப்பார்கள், ஆனால் கடுமையான சர்க்கரை நோய் வரும். ஏனென்றால் கொழுப்பை வைக்க அவர்களுக்கு இடமில்லை. அது கல்லீரலிலும் தசையிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பருமனிலும் நடப்பது ஏறக்குறைய இதுதான். இடம் இருக்கிறது, ஆனால் நிரம்பி வழிகிறது. சாப்பிட்டதும் இன்சுலின் கொழுப்புச் செல்களிடம் "இப்போது எதையும் வெளியே விடாதே" என்று சொல்லும். அளவுக்கு மீறி உப்பிய செல்கள் அதைச் சரியாகக் கேட்பதில்லை. அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் கூடி மெல்லிய அழற்சி தொடங்குகிறது. கொழுப்பு அமிலம் ரத்தத்தில் கசிகிறது. அது சேர்ந்த தசை, சர்க்கரையை உள்ளே எடுக்கத் தயங்கும். கல்லீரலோ தேவையில்லாத நேரத்திலும் சர்க்கரை தயாரித்து அனுப்பும். ஈடுகட்டக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து, பல வருடங்களில் சிலருக்குத் தளர்ந்துபோகிறது.

குடலைச் சுற்றியுள்ள கொழுப்புதான் இதில் ரொம்ப மோசம். அதிலிருந்து வரும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. லைப்போசக்‌ஷன் குழாய் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

அப்புறம் இதயம். கொழுப்பு நிறைந்த கல்லீரல் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை அதிகமாக ரத்தத்தில் விடும், நல்ல கொலஸ்ட்ரால் குறையும். கொழுப்புத் திசு ஒரு சுரப்பி மாதிரியும் வேலை செய்கிறது; பசியை அடக்கும் லெப்டின் அங்கிருந்துதான் வருகிறது என்பது 1994-இல் தெரிந்தது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் பொருளும், ரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் பொருளும் அங்கிருந்து வருகின்றன. ரத்தக்குழாயைக் காக்கும் அடிப்போனெக்டின் மட்டும், கொழுப்பு கூடக் கூடக் குறைகிறது. விசித்திரம்தான்.

அதனால் எடை மெஷினோடு ஒரு டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கட்டும். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். தினமும் வேகமாக நடந்தும் எடை குறையவில்லை என்று நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மெஷின் முள் நகராத மாதங்களில்கூட உள்வயிற்றுக் கொழுப்பு கரையும், டேப்பில் தெரியும்.