எதிரியாக வந்தவருக்குத் தமிழில் கல்லறை! நம்ம ஊர் பழைய கல்லறைகளுக்குப் பணம் திரட்டுவது எப்படி?

[திரையில்: உதயகிரிக் கோட்டை, கூரை போன சிற்றாலயம்]

திருவிதாங்கூரோடு சண்டை போட வந்த படையில் ஒரு ஐரோப்பியர். குளச்சலில் தோற்றார், கைதியானார். கடைசியில் அதே திருவிதாங்கூருக்குப் படைத்தலைவராகி, நம்ம குமரி மாவட்டத்துத் தக்கலை பக்கத்தில் புலியூர்க்குறிச்சி மண்ணிலேயே அடங்கினார். அவர் கல்லறையில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது!

வணக்கம் மக்களே. தலைப்பைப் பார்த்துப் பேய்க்கதை என்று வந்தவர்கள் மன்னிக்கவும், இது காசு விஷயம்.

ஆள் டிலனாய். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர். 1741 குளச்சல் போருக்குப் பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்தார், படைக்குப் பயிற்சி கொடுத்தார், உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார், 1777 ஜூன் 1 அன்று இறந்தார். கல்வெட்டு என்ன சொல்கிறது தெரியுமா? வழிப்போக்கனை நிற்கச் சொல்கிறது. ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாக இருந்தாராம். காயங்குளத்திலிருந்து கொச்சி வரை இருந்த நாடுகளைத் தன் படைபலத்தாலும், தன் பெயரைக் கேட்டாலே வரும் பயத்தாலும் அடக்கினாராம். இந்தக் காலத்து ஃப்ளெக்ஸ் பேனர் எழுதுகிறவர்கள் வந்து பாடம் படிக்கலாம்.

சரி, இதை ஏன் சொல்கிறேன்? அந்த எழுத்து பிழைத்ததால்தான் நாம் இன்னும் அங்கே போய் நிற்கிறோம், போட்டோ எடுக்கிறோம். அதே மாவட்டத்து மயிலாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் மிஷனரி 1806இல் திருவிதாங்கூர் வந்தார், 1809இல் மயிலாடியில் ஆலயம் கட்டினார், 1816இல் கிளம்பிப் போனார். எங்கே இறந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள், யாருக்கும் தெரியாது. மயிலாடியோ கல் கொத்துகிறவர்களுக்குப் பேர்போன ஊர். அந்த ஊரில் சபை தொடங்கியவரின் கல்லறையே எங்கே என்று தெரியாது!

மிச்சப் பின்னணி ஒரே மூச்சில்: அப்புறம் ஊருக்கு ஊர் சபை, பக்கத்தில் கல்லறைத் தோட்டம். முடிந்தது.

இனி சீரமைப்பு. பணம் வந்ததும் நம்ம கமிட்டி செய்யும் முதல் வேலை என்ன? சிமெண்ட் பூசி, மேலே டைல்ஸ் ஒட்டி, "உபயம்" என்று கொட்டை எழுத்தில் போடுவது. தயவுசெய்து வேண்டாம். பழைய கல்லறைகள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அவை ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் வெயிலில் மழைக்கோட்டு போட்டு ஓடுகிற கதைதான், உள்ளே எல்லாம் ஊறிப்போகும். ஈரத்தோடு உப்பும் சேர்ந்து சாந்தை உள்ளிருந்தே உதிர்க்கும். கடலோரத்து ஊர்களில் கேட்கவே வேண்டாம். நல்ல சுண்ணாம்புக் கொத்தனார் இன்னும் இருக்கிறார்கள்; சாந்தில் சேர்க்கக் கடுக்காய், வெல்லம் என்று அவர்கள் கேட்கும்போது யாரும் சிரிக்காதீர்கள்.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் பாசிக்கு லீவே கிடையாது. ஆசிட் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம். தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். விரிசலில் ஆலங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் வந்துவிடும். தண்டை வெட்டி, வேரைப் பட்டுப்போக விட வேண்டும்.

எனக்குப் பிடித்த வித்தை இதுதான். தேய்ந்துபோன எழுத்தைப் படிக்க சாக்பீஸ் தேய்க்க வேண்டியதில்லை. இருட்டியதும் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், பகலில் வெறும் கல்லாக இருந்தது பெயராக எழும்பி நிற்கும். உடனே போட்டோ எடுங்கள், கல்லுக்கு நம்பர் போடுங்கள், சபையின் அடக்கப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் வசூலிக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். "கல்லறைத் தோட்டம் சீரமைப்பு நிதி" என்று ரசீது நீட்டினால் நூறு ரூபாய் வரும். "உங்க பாட்டாவோட அப்பா கல் இது, பெயர் பாதி போச்சு" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிப் பாருங்கள், குவைத்திலிருந்து போன் வரும்.

வசூலில் நம்மை யாரும் அடித்துக்கொள்ள முடியாது, மக்களே. அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்திருக்கிறீர்களா? ஒரு ஏத்தன் வாழைக்குலை வரும். ஒருவர் ஏலம் எடுப்பார், காசைக் கட்டிவிட்டு, குலையைத் திரும்ப ஆலயத்துக்கே கொடுத்துவிடுவார். மறுபடி ஏலம்! கோழி முட்டைகூட சந்தை விலையை மறந்துவிட்டு ஏறும். மைக் பிடிக்கிறவர் வாய்ச்சாலக்காரராக இருந்தால், மச்சானுக்கும் மச்சானுக்கும் இடையே போட்டி மூட்டிவிட்டு ஓரமாக நின்று சிரிப்பார். வீட்டில் சோறு வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்த பிடியரிசியிலேயே ஆலயப் பணி நடத்தியவர்கள் நாம். ஒரு வருஷ ஏலத்தைக் கல்லறைத் தோட்டத்துக்கு ஒதுக்கினால் சுண்ணாம்புக்கும் கூலிக்கும் நல்ல தொடக்கம் கிடைக்கும்.

வெளியிலிருந்தும் உதவி உண்டு. தெற்காசியாவில் இருக்கும் ஐரோப்பியர் கல்லறைகளுக்காக 1976இல் பிரிட்டனில் தொடங்கிய பாக்ஸா என்ற சங்கம் உள்ளூர் குழுக்களுக்குச் சிறு உதவி செய்கிறது. நம்ம உபதேசியார், வாத்தியார் கல்லறைக்கு? அதற்கு நாம்தான்.

கணக்கு விஷயம் கொஞ்சம் கசக்கும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துவிட்ட மாமா அனுப்பினால் ஆகும். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான பதிவு இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இன்னொன்று, ஒரே மதத்தாரின் நன்மைக்கு என்று பத்திரத்தில் எழுதிய டிரஸ்டுக்கு, நன்கொடை கொடுப்பவருக்கு 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிச்சலுகை கிடைக்காது. பத்திரம் எழுதும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். அப்புறம் வரவு செலவை மாதாமாதம் ஆலய வாசலில் ஒட்டுங்கள். ஊர் வாயை மூட வேறு வழியே இல்லை.

கபர்ஸ்தானோ குடும்பக் கல்லறையோ, உங்க ஊரில் படிக்க முடிகிற மிகப் பழைய கல் எந்த ஆண்டுக்கானது? ஆண்டையும் ஊர்ப் பெயரையும் கமெண்ட்டில் போடுங்கள். அதிகம் பேர் சொல்லும் ஊருக்கு டார்ச்சோடு வருகிறேன். சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் தேங்காயாவது கொண்டுவாருங்கள், ஏலம் போட்டுவிடலாம்.