பெயர் மாறிய ரோஜாக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கூடையில் குவித்து எடை போட்டு விற்கிறார்களே, அந்த இளஞ்சிவப்பு ரோஜாவைப் ‘பன்னீர் ரோஸ்’ என்றுதான் கேட்டு வாங்குகிறோம். நர்சரிக்குப் போனாலும், வாசமுள்ள இளஞ்சிவப்பு ரோஜா எதுவானாலும் அதே பெயர்தான். ஆனால் வட இந்தியாவில் பன்னீரும் அத்தரும் வடிக்கிற ரோஜா வேறு. அது டமாஸ்க். கன்னோஜ் அத்தர்ப் பட்டறைகளுக்குப் போவது அந்தப் பூ. நம் ஊர்க் கூடையில் இருப்பது பெரும்பாலும் எட்வர்ட் ரோஸ்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பூக்கும் காலத்தைப் பாருங்கள். அத்தர் வடிக்கிற டமாஸ்க், குளிர் முடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் சில வாரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். உங்கள் வீட்டுச் செடி ஆடியிலும் பூக்கிறது, ஐப்பசியிலும் பூக்கிறது என்றால் அது அந்த டமாஸ்க் இல்லை.

எட்வர்டின் கதை சுவாரசியமானது. இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு தீவு. அப்போது அதற்குப் பூர்போன் என்று பெயர். அங்கே வேலியில் வைத்திருந்த சீன ரோஜாவும், ஆண்டில் மறுமுறை பூக்கக்கூடிய ஒரு டமாஸ்க்கும் தானாகக் கலந்து பிறந்த செடி என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். 1819 வாக்கில் அங்கிருந்து பாரிஸுக்கு விதை போனது. பூர்போன் என்றே ஒரு ரோஜா இனம் உருவாயிற்று. வாசம் டமாஸ்க் வழி வந்தது. விடாமல் பூப்பது சீன வழி. மாலை கட்டுகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, பழைய ரோஜா என்று எதைச் சொல்வது? 1867-இல் பிரான்சில் ‘லா பிரான்ஸ்’ என்ற ரோஜா வந்தது. அதை முதல் ஹைப்ரிட் டீ ரோஜாவாக, அதாவது நீளக் காம்பில் பெரிய பூ பூக்கும் நவீன வகையின் முதல் ரோஜாவாக எடுத்துக்கொண்டு, அதற்கு முன்பே இருந்த இனங்களைப் பழந்தோட்ட ரோஜாக்கள் என்று அமெரிக்க ரோஜா சங்கம் வகுத்திருக்கிறது. இனத்துக்குத்தான் அந்தக் கணக்கு. செடியின் வயதுக்கு இல்லை. தாத்தா காலத்துச் செடி என்பதற்காக அது பழைய ரோஜா ஆகிவிடாது.

1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள். அதுபோன்ற பழைய காம்பவுண்டுகளிலோ, உங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றடியிலோ பெயர் தெரியாத ஒரு ரோஜா நின்றால், பூவைப் போட்டோ எடுத்துப் படங்களோடு ஒப்பிட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் மதுரையில் ரோஜா சிறுத்து, இதழ் குறைந்து, வெளுத்துப்போகும். அதே செடி மார்கழியில் வேறு பூவோ என்று நினைக்க வைக்கும். பார்ப்பதானால் மார்கழி, தை மாதப் பூவை, விடிந்த கையோடு பாருங்கள். வாசம் அப்போதுதான் முழுசாக இருக்கும்.

பூவைவிட நம்பகமானவை முள்ளும் இலையும். டமாஸ்க் கிளையில் வளைந்த தடித்த முள்ளும் நடுவே மெல்லிய ஊசி மயிரும் கலந்திருக்கும். இலை மங்கலான பச்சை, அடியில் மெல்லிய ரோமம். சீன ரோஜாவின் இலை வழவழப்பாக இருக்கும், முள்ளும் அவ்வளவு நெருக்கமாக இராது. அப்புறம், இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் இரண்டு சின்னச் செதில்கள் ஒட்டியிருக்கும். அவை சீப்புப் பல் மாதிரி கிழிந்திருந்தால் அது மல்டிஃபுளோரா என்கிற கொத்துப்பூ ரோஜாவின் அடையாளம்.

இந்தச் செதிலை நான் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்றால், பெயர்க் குழப்பத்தில் பாதி அங்கேதான் பிடிபடுகிறது. ஓசூர்ப் பக்கமிருந்தும் ஆந்திரத்துக் கடியத்திலிருந்தும் வருகிற கன்றுகளில் நிறைய ஒட்டுக்கட்டியவை. மேலே ஒட்டிய ரகம் பட்டுப்போய், அடிச்செடியாக வைத்த மல்டிஃபுளோரா தளிர்த்து மேலே வந்துவிடும். சீட்டில் சிவப்புப் பூவின் பெயர். செடியிலோ கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப்பூ. நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போவதற்கு முன், ஒட்டுக்கட்டிய முடிச்சுக்குக் கீழேயிருந்து கிளை வருகிறதா என்று மண்ணை விலக்கிப் பாருங்கள். வந்தால், வெட்டாமல் வேரோடு சேர்த்துப் பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

இத்தனை பார்த்தும் பெயர் கிடைக்காமல் போகலாம். பெர்முடா தீவுக்காரர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். 1954-இல் தொடங்கிய அவர்களது ரோஜா சங்கம், அடையாளம் தெரியாதவற்றை மர்ம ரோஜாக்கள் என்று தனியே வைத்து, கிடைத்த வீட்டின் பெயரையோ ஊரின் பெயரையோ சூட்டிவிடுகிறது. பசுமலையில் கிடைத்ததா, ‘பசுமலை இளஞ்சிவப்பு’ என்று வையுங்கள். உண்மைப் பெயர் பின்னால் தெரிந்தால் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். அவசரப்பட்டுப் பிரெஞ்சுப் பெயர் சூட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பெயர்ச் சீட்டு எழுதும்போது மார்க்கர் பேனா வேண்டாம், நம் வெயிலில் ஒரு கோடை தாங்காது. கூல்டிரிங்ஸ் அலுமினிய டின்னை நறுக்கி, பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால், மை போனாலும் பள்ளம் நிற்கும். ஓரம் கையைக் கிழிக்கும், மடித்துவிடுங்கள். செடி கிடைத்த இடம், மாதம், பூக்கும் காலம் மூன்றையும் எழுதுங்கள். மழை ஓய்ந்ததும் பென்சில் கனத்தில் முற்றிய போத்து, அதாவது கிளைத்துண்டு, இரண்டு மூன்று வெட்டி நட்டு வையுங்கள். எட்வர்ட் மாதிரியான ரோஜாக்கள் போத்திலேயே வேர் பிடிக்கும். அதில் ஒன்றை, சீட்டோடு சேர்த்து, வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.