கல்ச்சர் ரிப்போர்ட் ஏன் தாமதமாகிறது?

பெரியோர்களே, நண்பர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "சர்க்கரை ரிப்போர்ட் ஒரு மணி நேரத்தில் வருகிறது, கல்ச்சருக்கு மட்டும் ஏன் மூன்று நாள்?" ஏனென்றால் கிருமியை நாங்கள் வளர்க்க வேண்டியிருக்கிறது. வளர்ப்பது கூடப் பெரிதில்லை. பல கிருமிகளுக்கு நடுவிலிருந்து ஒன்றைத் தனியே பிரிப்பதுதான் வேலை.

150 ஆண்டுகளுக்கு முன் கிருமிகளை இறைச்சிச் சாற்றில்தான் வளர்த்தார்கள். ஒரு துளி சளியை விட்டால் மறுநாள் சாறு கலங்கியிருக்கும். உள்ளே இருப்பது ஒரு வகையா, பத்து வகையா? திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் குரலை மட்டும் கேட்க முயல்வது போலத்தான். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் 1878-ல் ஒரு வழி கண்டார். பாலைப் புளிக்கவைக்கும் கிருமியைத் திரும்பத் திரும்ப நீர்த்து, ஒரு துளிக்கு ஒரு கிருமி என்கிற அளவுக்குக் கொண்டுவந்து தனிமைப்படுத்தினார். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் தினசரி வேலைக்கு ஆகாது.

ஜெர்மனியில் மருத்துவர் ராபர்ட் கோக் வேகவைத்த உருளைக்கிழங்கின் வெட்டுப்பரப்பைக் கவனித்தார். காற்றுபட்ட இடத்தில் தனித்தனிப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். திடமான பரப்பில் கிருமி நகர இடமில்லை. விழுந்த இடத்திலேயே பெருகிக் கண்ணுக்குத் தெரியும் கூட்டமாகிறது, அதைத்தான் காலனி என்கிறோம். இந்த ஒரு கவனிப்பில்தான் எங்கள் தொழிலே நிற்கிறது. 1881-ல் லண்டன் மருத்துவ மாநாட்டில் அவர் இந்த முறையைச் செய்துகாட்டியபோது பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரும் அவையில் இருந்தார்.

கிழங்கில் எல்லாக் கிருமியும் வளராது. எனவே கோக், சாற்றை உறையவைக்கும் ஜெலட்டினுக்கு வந்தார். அது உடல் வெப்பநிலையில் உருகிவிடும். போதாததற்குச் சில கிருமிகள் அதையே தின்று நீராக்கிவிடும். அவரிடம் பணிசெய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸேதான், தன் சமையலறையில் ஜெல்லிக்குப் போடும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். முன்பு ஜாவாவில் வாழ்ந்திருந்த அண்டைவீட்டாரிடம் கற்றது அது. நம் வீடுகளில் நோன்பு திறக்கும் நேரத்துக் கடல்பாசி, அதே பொருள்தான். கொதிக்கவைத்தால்தான் உருகும், 40 டிகிரிக்குக் கீழே ஆறினால் உறையும், உறைந்தது 37 டிகிரியில் கெட்டியாகவே நிற்கும். கோக்கின் 1882-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அகார் வருகிறது, ஹெஸ்ஸே தம்பதி வரவில்லை. அகார் ஊற்றும் மூடி போட்ட தட்டுக்கோ, அதை உருவாக்கிய கோக்கின் உதவியாளர் பெட்ரியின் பெயரே நிலைத்துவிட்டது. அந்த அம்மையாருக்கு நடந்தது அநியாயம் என்றே சொல்வேன்.

இனி வேலையைப் பார்ப்போம். கம்பி வளையத்தைச் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மாதிரியில் தொட்டு, தட்டின் ஒரு மூலையில் நெருக்கமாகக் கோடு இழுப்போம். மறுபடி காய்ச்சி, அந்தக் கோடுகளின் ஓரத்தை மட்டும் தொட்டு அடுத்த பகுதியில் இழுப்போம். இப்படி நான்கு முறை. ஒவ்வொரு முறையும் கிருமி குறையும். தட்டைக் கவிழ்த்துத்தான், உடல் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டியில் வைப்போம். இல்லாவிட்டால் மூடியில் படியும் நீர் சொட்டிக் காலனிகளைக் கலைத்துவிடும். மறுநாள் காலை முதல் மூலை மாவு பூசியது போல் இருக்கும், கடைசிப் பகுதியில் கடுகுபோல ஒன்றிரண்டு தனிப்புள்ளிகள். அதில் ஒன்றை எடுத்து இன்னொரு தட்டில் வளர்த்தால் அதுதான் தூய வளர்ப்பு. எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்க இன்னொரு நாள். மூன்று நாள் கணக்கு சரியாகிவிட்டதா?

காசநோய்க் கிருமிக்கு இந்தக் கணக்கு செல்லாது. குடலில் வாழும் ஈ.கோலை கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும், இது இரட்டிக்க 15 முதல் 20 மணி நேரம் வேண்டும். சளியில் உள்ள மற்றக் கிருமிகள் அதற்குள் தட்டையே மூடிவிடும். ஆகவே முதலில் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை விட்டு அவற்றைக் கொல்வோம். மெழுகுச் சுவர் கொண்ட காசக்கிருமி தாக்குப்பிடிக்கும். ஆனால் நேரம் கூடினால் அதுவும் சாகும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்யும் வேலை. பிறகு முட்டை சேர்த்த லோவன்ஸ்டீன்-ஜென்சன் ஊடகத்தில் (கிருமிக்கு உணவாகும் பொருளை ஊடகம் என்போம்) 8 வாரம் வரை காத்திருப்போம்.

மரபணுச் சோதனை இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்கிறதே என்பீர்கள். நல்ல கருவி, வேண்டியதுதான். ஆனால் செத்த கிருமியின் மரபணுவும் அதில் தெரியும். சிகிச்சை பலித்ததா என்று கேட்டால் உயிருள்ள கிருமி வளர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் மையம், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுவது சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுத்திருப்பதற்குக் குறைந்ததல்ல என்று உலகத்துக்குக் காட்டியதே, அங்கும் நோயாளிகளின் சளியை வளர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தார்கள்.

வளர மறுக்கும் கிருமிகளும் உண்டு. தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டது 1873-ல். செயற்கை ஊடகத்தில் அது இன்றுவரை வளரவில்லை. எலியின் பாதத்திலும் அர்மடில்லோ என்ற ஓடுள்ள விலங்கின் உடலிலும்தான் வளர்க்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. சிறுநீர் கொடுக்கும்போது முதல் தாரையை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். இல்லையென்றால் தோல் கிருமியும் சேர்ந்து வளர்ந்து எங்களைக் குழப்பும். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டு மாதிரி கொடுத்தால் பல நேரம் 'வளர்ச்சி இல்லை' என்றுதான் ரிப்போர்ட் வரும். கிருமி இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. அவசர நோயாளிக்கு மருந்தை நிறுத்திவைக்கவும் கூடாது, அங்கே ரத்தத்தை எடுத்த கையோடு ஊசி போட்டுவிடுவார்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.