தட்டை முகர்ந்துவிட்டுப் போகும் குட்டிக்கு என்ன வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ, நாய்க்குட்டி வளர்க்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற புலம்பல் ஒன்று உண்டு. "தட்டுல வெச்சா மோந்து பாத்துட்டுப் போயிடுது. மூணு கம்பெனி மாத்தியாச்சு, எதையும் தொடல." குட்டி ஏன் சாப்பிடவில்லை என்பதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த நாய் உணவுப் பாக்கெட்டை வாங்குவதால்தான் நான்காவது கம்பெனியும் தட்டிலேயே கிடக்கிறது. ஆகவே பாக்கெட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் குட்டியைப் பார்த்துவிடுவோம்.

உதட்டை மெதுவாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். மூன்றரை, நான்கு மாதத்தில் பால்பற்கள் விழத் தொடங்கும். ஆறு, ஏழு மாதத்துக்குள் நிலைப்பற்கள் வந்துவிடும். இந்த இடைவெளியில் ஈறு சிவந்து வீங்கியிருக்கும். பாக்கெட்டில் வரும் காய்ந்த உணவு உருண்டையைக் கடித்தால் வலிக்கும் என்பதால் குட்டி விலகிப் போகும். அதே உருண்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து வைத்தால் பெரும்பாலும் சாப்பிட்டுவிடும். ஈறு ரோஜா நிறத்தில் இல்லாமல் வெளுத்திருந்தால் விஷயம் வேறு. குடற்புழு, உண்ணி கடித்து வரும் காய்ச்சல் போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். வயிறு மட்டும் பானை போல உப்பி, முதுகெலும்பு தெரிந்தாலும் புழுவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். புழு மருந்தை இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும், அன்றைய எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர் சொல்கிறபடி கொடுக்க வேண்டும்.

குட்டி துள்ளி விளையாடுகிறது, ஈறு நன்றாக இருக்கிறது, மலமும் கெட்டியாகப் போகிறது, ஆனாலும் தட்டைத் தொடவில்லை என்றால் பெரும்பாலும் அது வேறு எங்கோ சாப்பிடுகிறது என்று அர்த்தம். இதை நம்ப மறுக்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கு.

நான்கு மாதத்துக்குக் குறைந்த, இரண்டு கிலோ எடையுள்ள குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 கலோரி வேண்டும். மூன்று கிலோ என்றால் 480. ஐந்து கிலோ என்றால் 700. டீக்கடையில் விற்கிற சின்ன குளுக்கோஸ் பிஸ்கட் ஒன்றில் ஏறக்குறைய 20 கலோரி இருக்கிறது. தாத்தா காலையில் டீ குடிக்கும்போது இரண்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இரண்டு, மாடிவீட்டு அக்கா இரண்டு. ஆறு பிஸ்கட்டுக்கு 120 கலோரி. இரண்டு கிலோ குட்டியின் ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு தட்டுக்கு வருவதற்கு முன்பே முடிந்துபோனது. பொறை கொடுத்தால் கணக்கு இன்னும் மோசம். அந்த மாவிலும் சர்க்கரையிலும் வளர்கிற எலும்புக்குத் தேவையான எதுவும் கிடையாது. நெருக்கமான வீடுகளில் குட்டி எல்லோருக்கும் செல்லம், அதனால் எல்லோரும் ஊட்டுகிறார்கள். ஒரு நாள் காலண்டர் தாளில் யார் என்ன கொடுத்தாலும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ராத்திரி எண்ணிப் பாருங்கள். நொறுக்குத்தீனி எதுவானாலும் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இனி பாக்கெட்டுக்கு வருவோம். முன்பக்கத்தில் இருக்கிற நாய் படம் எதையும் சொல்லாது. பின்பக்கம் திருப்புங்கள். 'கம்ப்ளீட்' என்றும், 'பப்பி' அல்லது 'குரோத்' என்றும் இரண்டும் இருக்க வேண்டும். 'காம்ப்ளிமென்ட்டரி' என்று இருந்தால் அது தொடுகறி, அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது. 'அடல்ட்' என்று இருப்பது வளர்ந்த நாய்க்கு. ஈரம் நீக்கிய கணக்கில் குட்டிக்கான உணவில் புரதம் குறைந்தது 22.5 சதவீதமும், கொழுப்பு 8.5 சதவீதமும் இருக்க வேண்டும். இந்த "ஈரம் நீக்கிய" என்ற சொல் முக்கியம். கிரேவி பாக்கெட்டில் புரதம் 8 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து மட்டம் என்று நினைக்கிறோம். அதில் 80 சதவீதம் தண்ணீர். மீதி 20-இல் 8 என்றால் 40 சதவீதம். ஆனால் 80 கிராம் கிரேவி பாக்கெட்டில் பெரும்பாலும் 70 கலோரி அளவுதான் இருக்கும். மூன்று கிலோ குட்டியை அதில் மட்டும் வளர்க்க ஒரு நாளைக்கு ஏழு பாக்கெட் ஆகும். காய்ந்த உணவில் கிராமுக்கு மூன்றரை முதல் நான்கு கலோரி இருப்பதால் அதே குட்டிக்கு 120 முதல் 140 கிராம் போதும். நான் பரிந்துரைப்பது காய்ந்த உணவையே அடிப்படையாக வைத்து, கிரேவியை ஒரு கரண்டி மட்டும் வாசனைக்குப் பிசைவது.

லேப்ரடார் மாதிரிப் பெரிதாக வளரும் குட்டிக்கு 'லார்ஜ் பிரீட் பப்பி' என்று போட்டதையே வாங்குங்கள். அதில் கால்சியத்துக்கு மேல்வரம்பு உண்டு, ஈரம் நீக்கிய கணக்கில் 1.8 சதவீதம். சத்து நல்லதுதானே என்று அதற்கு மேல் கால்சியம் டானிக் ஊற்றினால் எலும்பும் மூட்டும் கோணிப்போகும். சின்ன வாய்க் குட்டிக்கு உருண்டை பெரிதாக இருந்தாலே அது ஒதுக்கும். உருண்டையின் அளவையும் பார்த்து வாங்குங்கள்.

கடைகளில் மூட்டையைப் பிரித்து லூஸில் நிறுத்துக் கொடுக்கிறார்களே, அதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். எந்தத் தேதியில் தயாரித்தது, எப்போது பிரித்தது என்று தெரியாது. உருண்டையின் மேல் பூசியிருக்கிற கொழுப்பு காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். நம் மூக்குக்குத் தெரியாவிட்டாலும் குட்டியின் மூக்கு கண்டுபிடித்துவிடும். ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோர ஈரக்காற்றில் பிரித்த பை சீக்கிரம் நமத்துப் பூசணமும் பிடிக்கும். விலை குறைவு என்று பத்துக் கிலோ பை வாங்குவதைவிட, நான்கு வாரத்தில் தீர்ந்துவிடுகிற சின்ன பை வாங்குவது மேல். டப்பாவில் கொட்டாமல், பையோடு சேர்த்து டப்பாவுக்குள் வைத்து இறுக்கி மூடுங்கள்.

வீட்டுச் சாப்பாடு? சோறும் கோழிக்கறியும் போட்டால் குட்டி தட்டை நக்கிவிடும், உண்மைதான். 100 கிராம் எலும்பில்லாத கோழிக்கறியில் கால்சியம் சுமார் 15 மில்லிகிராம்தான். மூன்று கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 1,400 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். கறியும் சோறும் மட்டும் தின்று வளர்கிற குட்டியின் கால்கள் வில்லாக வளைவதும், சின்னத் துள்ளலில் எலும்பு முறிவதும் இதனால்தான். வீட்டில்தான் சமைப்பேன் என்றால் என்ன சேர்க்க வேண்டும், எத்தனை கிராம் என்று கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொடுகறியாகக் கொடுப்பதற்குத் தடையில்லை. மூன்று கிலோ குட்டிக்கு வேகவைத்து உதிர்த்த கோழிக்கறி 30 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. காசிமேட்டு மீன் என்றால் உப்புக்கூடப் போடாமல் வேகவைத்து முள் முழுவதும் நீக்கிக் கொடுக்கலாம். மத்தி, நெத்திலி இரண்டையும் பச்சையாகப் போடக் கூடாது. பி1 வைட்டமினைச் சிதைக்கிற ஒரு பொருள் அவற்றில் இருக்கிறது, வெந்தால் அது அழிந்துவிடும். கருவாடு உப்பு, வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மிச்சமும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். பால் வயிற்றைப் போக்கினால் நிறுத்திவிட்டு ஒரு கரண்டி தயிர் கொடுத்துப் பாருங்கள்.

உணவு முடிவானதும் அதை ஏழு நாளில் மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, அதற்கடுத்த இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுதும். மலம் இளகினால் அந்த அளவிலேயே இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. அளப்பதற்கு டம்ளர் வேண்டாம், வீட்டுக்கு வீடு டம்ளர் மாறும். சமையலறைத் தராசில் கிராமில் நிறுங்கள்.

தட்டை வைத்து இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்ச வேண்டாம், கையில் எடுத்து ஊட்டவும் வேண்டாம். மீதியை எடுத்துவிட்டு, அடுத்த வேளைக்கு அதே உணவையே வையுங்கள். சாப்பிடவில்லை என்றதும் கறித்துண்டை எடுத்து வந்தால், காத்திருந்தால் கறி வரும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. கத்திரி வெயிலில் மதிய வேளையைக் குறைத்து, காலை ஆறு மணிக்கும் பொழுது சாய்ந்த பிறகும் கூட்டிக் கொடுங்கள். ஒற்றை அறை வீட்டில் ஆட்கள் நடக்கிற வழியிலும், மிக்சி ஓடுகிற இடத்திலும் தட்டை வைக்காதீர்கள். பயந்த குட்டி சாப்பிடாது.

இந்தப் பிடிவாதம் மூன்று மாதத்துக்குக் கீழான குட்டியிடமும், கைக்குள் அடங்குகிற சின்ன இனக் குட்டியிடமும் கூடாது. அவற்றின் உடலில் சர்க்கரை இருப்பு மிகக் குறைவு. இரண்டு வேளை தொடர்ந்து சாப்பிடாமல் தள்ளாடினாலோ நடுங்கினாலோ, குளுக்கோஸ் கரைசலை ஈறில் தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். சாப்பிடாததோடு வாந்தியும், நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சலும் சேர்ந்தால் அது பார்வோ என்கிற உயிர்க்கொல்லி வைரஸ் நோயாக இருக்கலாம், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வடசென்னைக்குப் பக்கம்தான். போகும்போது தடுப்பூசி அட்டை, புழு மருந்து கொடுத்த தேதி, சாப்பிடுகிற உணவுப் பாக்கெட்டின் பின்பக்கப் படம், அன்று காலை மலம் கொஞ்சம் மூடிபோட்ட சின்ன டப்பாவில், இவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

வணக்கம்.