சாக்லேட் ரத்தமும் அம்மாவின் காரும்

அனைவருக்கும் வணக்கம். மலிவான ஜாம்பி படங்களை, அதாவது செத்தவர்கள் எழுந்து நடக்கும் படங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும், என்னை அழைத்த நண்பர் “அதில் பேச என்ன இருக்கிறது?” என்று கேட்டார். முதல் வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். ஒரு கார் இருக்கிறது, ஐயா. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் ஒரு திகில் படம் எடுக்கத் துணிந்தார்கள். பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டார்கள். பிறகு அங்கும் இங்கும் புரட்டி, சுமார் 1,14,000 டாலரில் முடித்தார்கள். 1968இல் வெளிவந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ அதுதான். தொடக்கத்தில் உடன்பிறந்த இருவர் கல்லறைத் தோட்டத்துக்குக் காரில் வருகிறார்கள். சகோதரனாக நடித்தவர் தயாரிப்பாளர்களில் ஒருவர். கார் அவருடைய அம்மாவுடையது. படப்பிடிப்புக்கு இடைப்பட்ட நாட்களில் அந்தக் காரை யாரோ இடித்து நசுக்கிவிட்டார்கள்.

என்ன செய்வது? கதையில் ஒரு விபத்தைச் சேர்த்துவிட்டார்கள்! தப்பி ஓடும் பெண் காரை மரத்தில் மோதவிடுகிறாள். நசுங்கலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இன்று இங்கே அந்தப் படத்தைத் திரையிடும்போது அந்தப் பெண்ணின் பதற்றத்தோடு அந்த நசுங்கலையும் பாருங்கள். அம்மாவிடம் என்ன சொல்லிச் சமாளித்தார் என்றுதான் எனக்கு இன்னும் ஆவல்.

ரத்தம் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? கடித்துத் தின்னும் சதை, சுட்ட பன்றி இறைச்சி. குடல் வகையறாக்கள், இறைச்சிக் கடைகள் வைத்திருந்த ஒரு நடிகரின் நன்கொடை. பிணங்களுக்குப் பழைய துணிகள். பேய் என்றால் பறக்க வேண்டும், மறைய வேண்டும், செலவு. நம் ஊர்ப் பேய்க்குக் கால் கிடையாது. இந்த நடக்கும் பிணத்துக்கோ கால் மட்டும்தான் மிச்சம். தள்ளாடி நடக்கத் தெரிந்தால் போதும். தமிழில் நடைப்பிணம் என்ற அருமையான சொல் இருக்க, நாம் ஜாம்பி என்கிறோம். வேடிக்கை என்னவென்றால் அந்தப் படத்திலும் ஜாம்பி என்ற சொல் ஒருமுறைகூட வருவதில்லை.

இன்னொரு குறை பணத்தில் கைவைத்தது. வெளியீட்டாளர்கள் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய பெயரோடு இருந்த பதிப்புரிமைக் குறிப்பு விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, குறிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. படம் பொதுச்சொத்தாகி, யார் வேண்டுமானாலும் திரையிடலாம் என்றானது. எடுத்தவர்களுக்குப் பெருநஷ்டம். ஆனால் உலகமெல்லாம் ஜாம்பி பரவியதில் அந்த ஒரு வரி விடுபட்டதற்கும் பங்கு உண்டு.

பத்தாண்டு கழித்து ரொமேரோ ஒரு வணிக வளாகத்தில் அடுத்த ஜாம்பி படத்தை எடுத்தார். இப்போது வண்ணம். பிணங்களுக்குப் பூசிய சாம்பல் நிறம் பல இடங்களில் நீலமாகத் தெரிகிறது. ரத்தமோ மெழுகு வண்ணக்குச்சியை உருக்கி ஊற்றியதுபோல் பளிச்சிடுகிறது. சிரிப்பு வரும், வரட்டும்.

எனக்குச் சிரிப்பு வராத வகையும் ஒன்று உண்டு. வேண்டுமென்றே மோசமாக எடுத்து, ‘பார், எவ்வளவு மோசம்’ என்று கண்ணடிக்கும் படங்கள். பசித்தவன் கஞ்சி குடிப்பது வேறு, விருந்தில் கஞ்சியை வெள்ளிக் கிண்ணத்தில் வைப்பது வேறு. காசு இல்லாமல் தவறியது தெரிந்தால் நான் அந்தப் பக்கம் நிற்பேன். அக்கறை இல்லாமல் தவறியது தெரிந்தால் எழுந்து போய்விடுவேன்.

இந்த வேறுபாட்டையே கதையாக்கியது, ஷினிச்சிரோ உவேடா 2017இல் எடுத்த ‘ஒன் கட் ஆஃப் த டெட்’ என்ற ஜப்பானியப் படம். செலவு ஏறக்குறைய 30 லட்சம் யென். வசூல் 300 கோடி யென்னைத் தாண்டியது. பார்க்காதவர்கள் ஒரு நிமிடம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். முதல் 37 நிமிடம், வெட்டே இல்லாத ஒரே காட்சி. வசனம் தடுமாறுகிறது, காரணமில்லாமல் மௌனம், கேமரா தரையில் கிடக்கிறது. எழுந்து போகலாம் என்று நினைத்தேன். பிறகு அதே 37 நிமிடம் கேமராவுக்குப் பின்னாலிருந்து விரிகிறது. நேரலை நிகழ்ச்சி அது, நிறுத்தவே முடியாது. ஒரு நடிகர் குடித்துவிட்டு வந்திருக்கிறார், இன்னொருவருக்கு வயிற்றுக்கோளாறு. கடைசியில் மேலிருந்து எடுக்க வேண்டிய காட்சிக்கான கிரேன் உடைந்துபோகிறது. அந்தக் குழுவினர் தரையில் முட்டி போட்டு, ஒருவர் முதுகில் ஒருவர் ஏறி, ஆட்களாலேயே கோபுரம் கட்டிக் கேமராவை உயர்த்துகிறார்கள்.

சரி, காதைத் திறக்கலாம். விளக்கை அணைக்கச் சொல்கிறேன். கார் வரும், கவனியுங்கள்.