நானோ சென்சார் போட்டால் சானிடைசருக்கு அலாரம் அடிக்காதா?

போன வாரம் வந்த ஒரு கேள்வி ரெண்டு நாளாக மண்டைக்குள்ளேயே சுற்றுகிறது. "சமையலறையில் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்க எம்க்யூ-2 சென்சார் வைத்தேன் சார், கேஸே கசியாமல் சானிடைசருக்கெல்லாம் அலாரம் அடிக்கிறது. நானோ சென்சார் வாங்கினால் சரியாகிவிடுமா?"

படித்ததும் சிரித்துவிட்டேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். ஊரிலிருந்து வந்த அத்தை கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டே நேராக அடுப்படிக்குள் போக, அலாரம் அலற, அவர் சிலிண்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, என்னையும் வெளியே இழுத்துவிட்டார். அத்தை செய்தது சரி. சென்சார் செய்ததும் சரிதான்!

சென்சாருக்கு உள்ளே இருப்பது டின் ஆக்சைடு (வெள்ளீயமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள்), 1960களில் ஜப்பானில் நவோயோஷி தகுச்சி கொண்டுவந்த வழி. ஹீட்டர் அதைச் சூடாக்கும். காற்றில் உள்ள ஆக்சிஜன் அதன்மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மின்தடை ஏறும். எரியக்கூடிய வாயு வந்தால் அந்த ஆக்சிஜனைத் தின்றுவிடும், எலக்ட்ரான்கள் திரும்பும், தடை இறங்கும். கேஸும் எரியும், சானிடைசரில் இருக்கும் ஆல்கஹாலும் எரியும், சென்சாருக்கு ரெண்டும் ஒன்றுதான்.

சரி, நானோ எதற்கு? நானோமீட்டர் என்றால் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. துகளை அவ்வளவு பொடிசாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு லட்டைப் பாருங்கள். முழு லட்டில் எறும்புக்கு வெளிப்பூந்தி மட்டும்தான் கிடைக்கும், உதிர்த்துத் தட்டில் பரப்பினால் எல்லாப் பூந்தியும் கிடைக்கும். டின் ஆக்சைடில் ஆக்சிஜனின் பிடி ஏறக்குறைய 3 நானோமீட்டர் ஆழம்தான் போகும், அதனால் துகள் 6 நானோமீட்டருக்குக் கீழே வந்தால் துகள் முழுவதுமே பிடிக்குள் மாட்டி, உணர்திறன் சட்டென்று எகிறும். ஒற்றைச் சுவர் கார்பன் நானோகுழாய் என்பது ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாளைச் சுருட்டியது போன்ற குழாய், அதில் ஒவ்வொரு அணுவும் வெளியேதான், முழுசாக உதிர்ந்த லட்டு. 2000-இல் ஸ்டான்ஃபோர்டில் ஹாங்ஜி டாய் குழு, ஹீட்டர் இல்லாமலே, அறை வெப்பத்திலேயே, நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டால் குழாயின் கடத்துதிறன் ஏறுவதையும் அம்மோனியா பட்டால் இறங்குவதையும் காட்டியது. என்ன, ஒட்டிய மூலக்கூறு லேசில் இறங்காது, சூடாக்கித்தான் துரத்த வேண்டும்.

ஆனால் இதெல்லாம் "எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் தெரியுமா?" என்பதற்குப் பதில். உங்கள் சிக்கல் "எது என்று தெரியுமா?" என்பது. நீங்கள் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்! வெறும் நானோவை மட்டும் போட்டால், அத்தை தெருமுனையில் திரும்பும்போதே அலாரம் அடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எது என்று தெரிய, குழாயின்மேல் ஆள் பார்த்துப் பிடிக்கிற ஒன்று உட்கார வேண்டும். 2012-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டிமதி ஸ்வேகர் குழு நானோகுழாயோடு ஒரு தாமிரச் சேர்மத்தைக் கலந்தது. பழம் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு தாமிரத்தோடு ஒட்டும், மின்தடை மாறும். வாழைப்பழத்தை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள்.

உங்கள் வீட்டுக்கு இவ்வளவெல்லாம் வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், சென்சாரைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அடுப்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். புதுசு என்றால் ஒரு முழு நாள் கரண்டில் விட்டுவிட்டு அப்புறம் அலாரம் அடிக்க வேண்டிய அளவை செட் பண்ணுங்கள். நானும் அப்படித்தான் மாற்றினேன். அத்தை மறுபடி வந்தார், சானிடைசர் தேய்த்தார், சத்தமே இல்லை. "என்னடா, கெட்டுப்போச்சா?" என்கிறார்.